நாற்பத்தொரு குறிப்புகளும் செவ்வாய்க்கிழமை பேட்சும்

என் மகள் பிளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் படிக்கச் சேர்ந்தபோது, அவளுக்காக நாற்பத்தொரு குறிப்புகள் கொண்ட ஒரு தாள் தயாரித்தேன். தாள் என்று சொன்னாலும் மூன்று பக்கம். கம்பெனிக் கணினியில் ஐந்து நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அடித்தது. வரிசை எண், பொருள், செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது, காரணம் என்று ஐந்து பத்திகள். ‘காரணம்’ என்ற பத்தியைச் சேர்த்ததில் எனக்குப் பெருமை உண்டு. காரணம் சொல்லாமல் கட்டளை இடும் தாய் நான் அல்ல என்பதற்கு அது எழுத்திலேயே இருக்கும் சான்று என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பெருமாநல்லூர் பக்கம் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். பத்தொன்பது வருடங்களாக இதே வேலை. தைத்து முடிந்த உடுப்புகளை அளந்து, தையல் பார்த்து, நிறம் ஒப்பிட்டு, போகலாம் அல்லது போகக் கூடாது என்று சொல்லுவது. மூவாயிரம் பீஸ் கொண்ட ஆர்டர் என்றால் அதிலிருந்து நூற்றிருபத்தைந்தை எடுத்துப் பார்ப்போம். ஏழு குறை வரை மன்னிப்பு உண்டு. எட்டாவது குறை வந்தால் அத்தனை பெட்டிகளையும் திரும்பத் திறக்க வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். வாயால் சொன்ன எதையும் நம்ப மாட்டோம். தாளில் இருக்க வேண்டும். தாளில் கையெழுத்து இருக்க வேண்டும்.

என் மகள் கடைசி இரண்டு வருடங்கள் ஊருக்கு வெளியே இருந்த ஒரு உறைவிடப் பள்ளியில் படித்தாள். காலை நான்கரைக்கு மணி. குளிக்க மணி, சாப்பிட மணி, படிக்க மணி, படித்ததை ஒப்பிக்க மணி. தண்ணீர் குடிக்க எழுந்து நின்று கையைத் தூக்க வேண்டும். ஒரு பிள்ளை வகுப்பில் பத்து நிமிடம் காணவில்லை என்றால் தேடிக்கொண்டு ஆள் வரும். அந்த இரண்டு வருடத்தில் அவள் எதையும் தேடிப் போனதில்லை. பாடம், பரீட்சை, சாம்பார் எல்லாம் அவளைத் தேடி வந்தன. மதிப்பெண் நன்றாக வந்தது. நானும் திருப்தியாக இருந்தேன். சீராக ஓடும் தையல் லைனைப் பார்த்தால் எனக்கு எப்போதும் திருப்திதான்.

ஆகவே அவள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள் என்றதும், மணி அடிக்காத ஒரு இடத்துக்கு அவளை எப்படி அனுப்புவது என்ற கவலை எனக்கு வந்தது. அந்தக் கவலைக்கு நான் கண்ட மருந்துதான் அந்தத் தாள். மணியைத் தாளில் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

சில குறிப்புகள் இன்றும் குறை சொல்ல முடியாதவை. ஆறாவது குறிப்பு: வாளியின் வெளியிலும் அடியிலும் பெயிண்டில் பெயர் எழுதவும். காரணம்: வெளியில் மட்டும் எழுதினால் சுரண்டிவிடுவார்கள். பன்னிரண்டாவது, விடுதிச் சாப்பாடு பிடிக்காவிட்டாலும் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. இவை எல்லாம் சரி. நாற்பத்தொன்றாவது குறிப்பில் மட்டும் ‘தைரியமாக இருக்கவும்’ என்று எழுதிவிட்டு, காரணம் என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டுவிட்டேன்.

பதினேழாவது குறிப்புதான் இந்தக் கதைக்கு முக்கியம். வாட்ஸ்அப் குழு எதிலும் சேரக் கூடாது. இதற்கு நான் எழுதிய காரணம், ‘குழுவில் வருவது உத்தரவு அல்ல’.

இது நான் சும்மா எழுதியதல்ல. எங்கள் கம்பெனியில் ஒருமுறை சிறுவர் டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்றில் கழுத்து லேபிளை மாற்றச் சொல்லி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். பதினொரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருவரும் லேபிள் வைக்கும் மேஜையில் இருப்பவரிடம் போய்ச் சொல்லவில்லை. பழைய லேபிளோடு நாற்பது பெட்டிகள் கட்டி முடிந்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து என் பிரிவில் ஒரு விதி. மாற்றம் எதுவானாலும் கையெழுத்துப் போட்ட தாளில் வர வேண்டும். குழுவில் வந்தால் அது காலை வணக்கப் பூவுக்குச் சமம். இந்த விதியால் என் பிரிவில் அதற்குப் பிறகு லேபிள் மாறவே இல்லை. ஆகவே இந்த விதி கல்லூரிக்கும் பொருந்தும் என்று முடிவு செய்தேன்.

இருபத்துமூன்றாவது குறிப்பு: ஆசிரியரிடம் குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது, சந்தேகம் வந்தால் எழுதி வைக்கவும். காரணம், ‘எழுதி வைத்தது தொலையாது’.

முப்பத்தொன்றாவது, வாராந்திர அறிக்கை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஏழு மணிக்குள் எட்டு வரியில் எனக்கு அனுப்ப வேண்டும். உடல்நிலை, சாப்பாடு, தூக்கம், வகுப்பு, லேப், துணி துவைத்தல், விடுதி, இதர. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஓகே அல்லது நாட் ஓகே.

தாளை அச்சடித்தபோது செக்கிங் மேஜையில் இருக்கும் அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து பன்னிரண்டு வருடமாக எங்களிடம் இருப்பவர். என்னைவிட மூன்று வயது சிறியவர்தான். ஆனால் இங்கே எல்லோரும் எல்லோருக்கும் அக்கா.

“ஏக்கா, நீங்க புள்ளைய காலேஜுக்கு அனுப்புதீயளா, இல்ல பெட்டில கட்டி கப்பல்ல ஏத்துதீயளா?”

“கிண்டல் பண்ணாதீங்க. உங்க பையனுக்கும் அடுத்த வருசம் வேணும்னு வருவீங்க.”

“எம் மவன் இத வாசிச்சு முடிக்கதுக்குள்ள டிகிரியே முடிஞ்சிரும்க்கா.”

சொன்னார். ஆனால் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். அவரோடு சேர்த்து நான்கு தாய்மார்கள் வாங்கினார்கள். அன்று எனக்கு இருந்த மனநிலையை அடக்கம் என்று சொல்ல முடியாது.

விடுதி அறையில் அலமாரிக் கதவின் உட்பக்கம் மூன்று பக்கங்களையும் ஒட்டினேன். நான்கு மூலையிலும் டேப், நடுவில் ஒன்று. என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிட்டிங் மிஷின் மெக்கானிக். மிஷின் ஓடும்போது காதால் கேட்டே எந்த ஊசி உடைந்தது என்று சொல்லக் கூடியவர். மற்றபடி அதிகம் பேசமாட்டார்.

“அம்மிணி,” என்றார் மகளிடம், “இதுல எதாச்சும் மறந்துபோச்சுன்னா பயப்படாத. உங்கம்மா போன்ல படிச்சுக் காட்டுவா.”

“சரிங்ப்பா,” என்றாள் அவள். சிரிக்கவில்லை. அவள் அந்தத் தாளை மதித்தாள். பள்ளி அவளுக்கு மதிக்கக் கற்றுக் கொடுத்திருந்தது.

அதன் பிறகு பதினான்கு சனிக்கிழமைகள் அறிக்கை வந்தது. ஒருமுறைகூட ஏழு மணி தாண்டவில்லை. எட்டு வரியிலும் ஓகே. நான் அவற்றை அச்சடித்துக் கோப்பில் போட்டேன். என் செக்கிங் பிரிவில் ஒருவர் தொடர்ந்து பதினான்கு முறை ஒரு குறைகூட இல்லாமல் அறிக்கை கொடுத்தால் நான் என்ன செய்வேன் என்பது பிரிவில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். நேராகப் போய்ப் பெட்டியைத் திறப்பேன். குறையே இல்லாத அறிக்கை பெட்டியைத் திறக்காமல் எழுதியது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. மகளின் அறிக்கையைப் பார்த்தபோது மட்டும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளர்ப்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றியது.

பதினான்காவது அறிக்கைக்குப் பிறகு வந்த புதன்கிழமை, சரக்கு வாங்குபவர் சார்பில் பெங்களூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் என் மேஜையில் ஒரு பீஸை விரித்துத் தோள் அளந்துகொண்டிருந்தபோது கல்லூரியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் மகளின் வருகைப் பதிவு. தமிழ் தொண்ணூற்றாறு, ஆங்கிலம் தொண்ணூற்று நான்கு, கணிதம் தொண்ணூற்றைந்து, வேதியியல் பாடம் தொண்ணூற்றேழு. வேதியியல் லேப், பூஜ்யம். லேப் தேர்வு எழுதத் தகுதி இல்லை. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் துறைத்தலைவரைப் பார்க்கவும்.

நான் அதை மூன்று முறை படித்தேன். தோள் அளவு அரை சென்டிமீட்டர் கூடுதல் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும் என் காதில் விழுந்தது. அதற்கும் பதில் சொன்னேன். பிறகு படிக்கட்டுக்கு அடியில் போய் மகளைக் கூப்பிட்டேன்.

“லேப்புக்கு நீ போறதே இல்லியா?”

“போறேனுங்மா. ஒவ்வொரு வாரமும் போறேன்.”

“சைபர்னு போட்டிருக்கு.”

அவளுக்கும் அந்தச் செய்தி வந்திருக்கிறது. அவளும் என்னைப்போல அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நான் போனேனுங்மா. கைல ஆசிட் பட்டது தழும்புகூட இருக்கு.”

“ஆசிட் பட்டுச்சா? அத ஏன் ரிப்போர்ட்ல போடல?”

“சின்னதுதானுங்மா. உடல்நிலைங்கற எடத்துல ஓகேதான் வந்துச்சு.”

இங்கே ஒரு தாய் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது நான் கேட்டது, “நீ போனேங்கறதுக்கு என்ன ஆதாரம்?” என்பது. இன்ஸ்பெக்டர் காத்திருப்பது நினைவுக்கு வந்து நான்தான் போனை வைத்தேன்.

முதல் செமஸ்டரிலேயே லேப் தேர்வு எழுத முடியாவிட்டால், அடுத்த வருடம் புதிதாக வருபவர்களோடு அந்த லேப்பை முதலிலிருந்து செய்ய வேண்டும். என் மகளைப்போல மணிக்குப் பழகிய பெண் அந்த ஒரு வருடத்தை எப்படித் தாங்குவாள் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்று நானே சொல்லிவிடுவேனோ என்றும் பயமாக இருந்தது. எங்கள் ஊரில் படிப்பை நிறுத்திய பிள்ளைக்கு அடுத்த நாளே ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிடும். அதுதான் ஆபத்து. விழுந்த இடத்திலேயே மெத்தை இருக்கிறது; எழுந்திருக்க யாருக்கும் அவசரம் வராது.

மறுநாள் வியாழக்கிழமை. விடுப்புச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பினேன். கையில் கோப்பு. பதினான்கு அறிக்கைகள், வருகைப் பதிவுச் செய்தியின் அச்சு, கல்லூரி விதிமுறைப் புத்தகத்தின் நகல், மஞ்சள் பேனாவால் கோடு போட்டது.

“புள்ளையப் பாக்கப் போறியா, புடிக்கப் போறியா?” என்றார் வீட்டுக்காரர், வாசலில் வண்டியைத் துடைத்தபடியே.

அவர் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார்.

மகள் கல்லூரி வாசலில் நின்றிருந்தாள். அவளோடு ஒல்லியான ஒரு பெண் நின்றிருந்தாள். வகுப்புப் பிரதிநிதியாம். நான் கோப்பைத் திறந்து கால அட்டவணை கேட்டேன். மகள் தன் நோட்டைக் கொடுத்தாள். முதல் நாள் அறிவிப்புப் பலகையைப் பார்த்து அவளே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதியது. செவ்வாய் மதியம் லேப். வியாழன் மதியம் நூலகம்.

“அது பழசு ஆன்ட்டி,” என்றாள் ஒல்லிப் பெண். “ரெண்டாவது வாரமே பேட்ச் மாத்திட்டாங்க. இவ நம்பருக்கு வியாழக்கிழமை லேப். செவ்வாக்கிழமைதான் லைப்ரரி.”

“அத யாரும் சொல்லலியா?”

“க்ரூப்ல போட்டாங்களே. எல்லாமே க்ரூப்லதான் ஆன்ட்டி வரும். நான் இவளுக்கு மூணு தடவ லிங்க் அனுப்பினேன். எங்கம்மா சேரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு சொல்லிட்டா.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாங்ககூட நீங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட் போலன்னு பேசிக்குவோம்,” என்றாள்.

நான் கோப்பை மூடினேன்.

புரிந்துவிட்டது. என் மகள் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. லேப் தொடங்கியதிலிருந்து பதினொரு செவ்வாய்க்கிழமைகள், தன்னுடையது அல்லாத பேட்சில் நின்று ஒழுங்காக லேப் செய்திருக்கிறாள். அந்த பேட்சில் ஒரு மாணவி முதல் வாரமே வேறு கல்லூரிக்குப் போய்விட்டதால் ஒரு மேஜை காலியாக இருந்திருக்கிறது. ஆகவே ஒரு தலை கூடுதல் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் கம்பெனியில் இதற்குப் பெயர் உண்டு. லாட் மாறிவிட்டது என்போம். சாயப்பட்டறையில் ஒரே தடவையாகச் சாயம் ஏற்றுவதைக் கொதி என்போம்; ஒரு கொதியில் வந்த துணி இன்னொரு கொதித் துணியோடு சேர்ந்துவிடும். பீஸில் குறையே இருக்காது. தையல் சுத்தம், அளவு சுத்தம். இருக்கும் இடம்தான் தப்பு. பெட்டியோடு திரும்பி வரும்.

“வருகைத் தாள்ல உம் பேர் இல்லைன்னு உனக்குத் தெரியலியா கண்ணு?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சுதுங்மா.”

“அப்பறம்?”

“கேள்வி கேக்காம எழுதி வைக்கச் சொல்லியிருந்தீங்க. தாள் எங்கிட்ட வரும்போதெல்லாம் கடைசில எம் பேரும் நம்பரும் எழுதி வெச்சேன்.”

இருபத்துமூன்று. பதினேழோடு சேர்ந்துகொண்டு வேலை செய்திருக்கிறது. தனித்தனியாக இரண்டும் நல்ல குறிப்புகள்தான். இரண்டையும் ஒரே பிள்ளையிடம் கொடுத்து, அவள் அதை அப்படியே செய்தும்விட்டால் என்ன ஆகும் என்று நான் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

துறைத்தலைவர் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். மேஜை மேல் ஒரு தாள்கூடக் கோணலாக இல்லை. பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. நம் ஆள் என்று நினைத்தேன். உட்காருவதற்கு முன்பே கோப்பைத் திறந்துவிட்டேன்.

“இதென்னங்க?” என்றார்.

“பதினாலு வார ரிப்போர்ட்டுங்க மேடம். லேப்புன்னு ஒரு வரி இருக்குது பாருங்க, எல்லா வாரமும்...”

“இது யார் எழுதினது?”

“என்ற பொண்ணு எனக்கு எழுதினதுங்க.”

“அவங்க வந்தாங்கன்னு அவங்களே உங்களுக்கு எழுதினது.” அவர் சிரிக்கவில்லை. நானும் இப்படித்தான் சிரிக்காமல் சொல்லுவேன். “அம்மா, நீங்க வெளில பெஞ்சுல உக்காருங்க. படிக்கறது அவங்க. அவங்க பேசட்டும்.”

வெளியே இரும்பு பெஞ்ச். கதவு பாதிக் கதவு. மேலும் கீழும் இடைவெளி. கேட்கக் கூடாதுதான். ஆனால் காதை மடித்து வைக்க முடியாது.

“உன்ற பேரு லிஸ்ட்ல இல்லைன்னு எப்பத் தெரிஞ்சுது?”

“மொதல் தடவையே தெரியுமுங்க மேடம்.”

“அப்ப ஏன் யார்கிட்டயும் கேக்கல?”

இந்த இடத்தில் நான் தயாராகிவிட்டேன். அம்மா கேட்கக் கூடாது என்றார்கள் என்று அவள் சொல்லுவாள். நான் எழுந்து உள்ளே போய், ஆமாம், தப்பு என்னுடையதுதான், தாள் இதோ, குறிப்பு எண் இதோ என்று காட்டிவிடலாம். அதற்காகவே பையிலிருந்து அந்த மூன்று பக்கங்களின் பிரதியைத் தனியாக எடுத்தும் வைத்துக்கொண்டேன்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

“கேக்கணும்னு எனக்குத் தெரியலீங்க மேடம்,” என்றாள் என் மகள். “ஸ்கூல்ல கேக்க வேண்டி வந்ததே இல்ல. தப்பு என்னோடதுதானுங்க.”

நான் அந்தப் பிரதியைத் திரும்பப் பையில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பேட்சின் வருகைத் தாள்களை லேப் உதவியாளர் அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். எண்ணிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பதினொன்றில் ஒன்பது தாள்களின் அடியில் அவள் கையெழுத்தில் பெயரும் எண்ணும் இருந்தன. இரண்டில் இல்லை.

“இந்த ரெண்டு வாரம்?”

“வந்தேனுங்க மேடம். கடைசி மேசைக்குத் தாள் வர்றதுக்குள்ள வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

“அதுக்கு எதாச்சும் இருக்கா?”

“இல்லீங்க மேடம்.”

“அப்ப அத ஆப்சென்ட்டுன்னுதான் வெச்சுக்குவேன்.”

“சரிங்க மேடம்.”

“ஒம்பது இருந்தாப் போதும், எழுதலாம். ஆனா உன்னோட பேட்ச் வியாழக்கிழமை. அந்த சார் உன்னப் பாத்ததே இல்ல. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் நான் லிஸ்ட்ட மாத்த முடியும். அவர் கொஞ்சம் கோவக்காரர். நீயே போய்ச் சொல்லிக் கேளு. நான் போன் பண்ண மாட்டேன்.”

மகள் வெளியே வந்தாள். கையில் துறைத்தலைவர் கொடுத்த தாள். நான் எழுந்தேன். பழக்கம், கோப்பும் கூடவே எழுந்தது.

“நீங்க இருங்மா,” என்றாள்.

“நான் சும்மா கூட வர்றேன். பேசமாட்டேன்.”

“பேசுவீங்கம்மா.”

அவள் சொன்னது சரி. உட்கார்ந்தேன். அவள் வராந்தாவின் கடைசியில் ஒரு அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. இரண்டு பேர் அவளைத் தாண்டி உள்ளே போய் வந்தார்கள். அவள் கையைத் தூக்கினாள். பள்ளியில் தண்ணீர் குடிக்கத் தூக்குவதுபோல, அந்தக் காலி வராந்தாவில் நின்று. பிறகு அங்கே யாரும் கையைப் பார்ப்பதில்லை என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். கையை இறக்கிவிட்டு ஏதோ சத்தமாகச் சொன்னாள். என் பெஞ்ச் வரை வார்த்தை வரவில்லை, சத்தம் வந்தது. உள்ளே போனாள்.

இருபத்தாறு நிமிடம். ஒருமுறை ஆண் குரல் உயர்ந்தது. இன்னொருமுறை அவள் குரல் தொடர்ந்து கேட்டது, நிறுத்தாமல். வீட்டில் அவள் அவ்வளவு நேரம் ஒரே மூச்சாகப் பேசி நான் கேட்டதில்லை.

தாளோடு வந்தாள். கையெழுத்து இருந்தது.

“என்ன சொன்னே?”

“நடந்ததச் சொன்னேனுங்மா.”

“அவர் என்ன சொன்னார்?”

“திட்டுனாரு. அப்பறம் விட்டுப்போன ரெண்டையும் அடுத்த வாரம் தனியா வந்து செஞ்சு காட்டச் சொன்னாரு. ரெக்கார்டு நோட்டுலயும் அவர்கிட்டயே திரும்பக் கையெழுத்து வாங்கணும்.” கடிகாரத்தைப் பார்த்தாள். “ரெண்டு மணிக்கு லேப்புங்மா. இன்னிக்கு வியாழக்கிழமை. நீங்க ஒரு மணி பஸ்ஸுக்குப் போயிடுங்க, உக்கார எடம் கிடைக்கும்.”

பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவிநாசி தாண்டும்வரை என் மடியில் கோப்பு திறக்காமல் கிடந்தது.

ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, கொடுத்த நான்கு பிரதிகளையும் திரும்ப வாங்குவது. கம்பெனியில் பழுதுள்ள சரக்கு வெளியே போய்விட்டால் அப்படித்தான் செய்வோம். மூன்று கிடைத்தன. நான்காவதை அந்தத் தாய் பொள்ளாச்சியில் இருக்கும் தன் தங்கைக்கு அனுப்பிவிட்டார். தங்கை அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாராம். எழுபது பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். அதைத் திரும்ப வாங்க வழி தெரியவில்லை.

செக்கிங் மேஜை அக்கா மட்டும் கொடுக்கும்போது கேட்டார். “அப்பம் எம் மவனுக்கு என்னதாங்க்கா சொல்லி அனுப்ப?”

நான் யோசித்துத்தான் சொன்னேன். பள்ளியில் பாடம் நம்மைத் தேடி வரும். காலேஜில் நாம்தான் தேடிப் போக வேண்டும். முதல் வாரத்திலேயே எந்தச் செய்தி எங்கே போடுகிறார்கள் என்று கண்டுபிடித்துக்கொள்ளட்டும். அது பலகையோ போனோ எதுவானாலும் சரி. அவன் பெயர் எதிலாவது விட்டுப்போனால் அன்றைக்கே வாயைத் திறந்து கேட்கட்டும். எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். திட்டினால் திட்டட்டும். திட்டுகிறவருக்குக் குறைந்தபட்சம் இவன் முகம் தெரிந்துவிடும். பக்கத்து மேஜையில் இருப்பவன் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ளட்டும். பதினொரு வாரம் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் என் மகள் பேசியதே ஒருமுறைதான். அதுவும் பிப்பெட் கேட்டு.

“வாளில பேரு?” என்றார் அவர்.

“அது எழுதட்டும்.”

“இதுக்கெல்லாம் ஒரு தாள் தருவியளாக்கா?”

“தர மாட்டேன்.”

“என்னக்கா, ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டுவிட்டு அவர் பீஸைப் பிரிக்கத் தொடங்கினார்.

மகளிடம் அறிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளாகவே அனுப்புவதை நிறுத்திவிட்டாள். முதல் சனிக்கிழமை ஏழு மணிக்கு நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏழேகாலுக்கு வீட்டுக்காரர், “சாப்பாடு போடறியா, இல்ல நானே போட்டுக்கட்டுமா?” என்று கேட்டார். போட்டேன்.

லேப் தேர்வு அன்று நான் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்து போனைக் கம்பெனி லாக்கரில் வைத்துப் பூட்டினேன்; பதினொன்றரைக்குப் போய்த் திறந்து எடுத்துவந்தேன். மூன்று மணிக்குச் சற்று முன்பு அவளே கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல், பாத்திரம் கழுவும் சத்தம்.

“முடிஞ்சுதுங்மா.”

“எப்படி?”

“ஒண்ணு தப்பாப் போச்சு. டைட்ரேஷன்ல ஒரு சொட்டு அதிகமா விட்டுட்டேன். இளம் பிங்க்ல நிக்கணும், அடர் பிங்க் ஆயிருச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம அந்த வியாழக்கிழமை சார்கிட்டயே போய்க் கேட்டேன். இத்தன நேரம் இருக்குது, கொட்டிட்டு மறுபடி செய்னாரு. ரெண்டாவது தடவ வந்துருச்சு.”

ஒரு சொட்டு அதிகமானால் ஷேடு எப்படிப் போகும், வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பார்த்தால் எப்படி முன்கூட்டியே பிடிக்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக அதே கண். சொல்ல வாயைத் திறந்தேன்.

“வெச்சிடறேனுங்மா, கூப்பிடறாங்க,” என்றாள்.

யார் கூப்பிடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பின்னால் நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.